ஒரு பக்கத் தாடை வலி: மாத்திரைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

ஒரு பக்கம் மட்டும் தாடை வலித்தால் நம் ஊரில் முதல் சந்தேகம் பல் மீதுதான் விழும். தப்பில்லை, பெரும்பாலும் பல்லாகத்தான் இருக்கும். என் விஷயத்தில் அப்படி இல்லை. சில வருடங்களுக்கு முன்னால், மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற அவசரத்தில் இருந்தபோது, இடது காதுக்கு முன்னால் மந்தமாக ஒரு வலி ஆரம்பித்தது. காலையில் எழும்போதே கன்னம் கனக்கும். தட்டை கடித்தால் காதுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். காதுக் கோளாறு என்று நினைத்துக் காது மருத்துவரிடம் போனேன். காதில் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்றுமில்லாத காதுக்கு எதற்குச் சொட்டு மருந்து என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அடுத்து ஒரு பல் கிளினிக். கடைசிப் பல்லை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். எடுத்தார்கள். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா என் இரண்டு காதுக்கும் முன்னால் விரல்களை வைத்துக்கொண்டு, வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார். கன்னத்தில் ஓர் இடத்தை அழுத்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. “ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?” என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. தாடை மூட்டும், அதை இழுக்கிற தசையும்தான் காரணம். போன பல் போனதுதான்.

அந்தப் பல்லை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. வலியோடு அலைந்த காலத்தில் படித்ததும், மருத்துவர்களிடம் துருவித் துருவிக் கேட்டதும்தான் இதில் இருக்கிறது. தாடை என்பது பல வீட்டுக் கடிதங்கள் வந்து சேரும் தபால்பெட்டி மாதிரி. பல், காது, மூட்டு, தசை, எச்சில் சுரப்பி, நரம்பு, சில நேரம் இதயம்கூட அங்கேதான் வலியை அனுப்பும். அதனால் ‘என்ன மாத்திரை போடலாம்’ என்பதற்கு முன்னால் ‘எப்போது வலிக்கிறது’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மெல்லும்போதா, குளிர்ந்த தண்ணீர் பட்டாலா, சாப்பாட்டில் கை வைத்ததுமா, மாடி ஏறும்போதா, முகம் கழுவக் கை பட்டாலா? இந்த ஐந்துக்கும் ஐந்து வேறு வைத்தியம்.

முதலில்: வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாதவை

எங்கள் கீழ்வீட்டு அத்தைக்கு அறுபது வயதிருக்கும், சர்க்கரை உண்டு. இரண்டாவது மாடியில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் தாடை இழுக்கிறது என்பார். உட்கார்ந்தால் சரியாகிவிடும். பல் செட் சரியில்லை என்றே ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார். ஈ.சி.ஜி. எடுத்து, அப்புறம் ஆஞ்சியோ செய்து பார்த்தபோது இதயக் குழாயில் அடைப்பு. நெஞ்சு ஒரு தடவைகூட வலிக்கவில்லை. பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இப்படி நெஞ்சு வலியே இல்லாமல் தாடையிலோ கழுத்திலோ மட்டும் தெரிவது உண்டு.

நடந்தால், படி ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே தாடை வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், மார்பில் பாரம், தோள் அல்லது கையில் வலி என்று சேர்ந்து வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், இலங்கையில் 1990. பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே ஓட்டிப் போகாதீர்கள்.

இதயம் தவிர, இன்னும் சில நிலைமைகளிலும் காத்திருக்கக் கூடாது:

- தாடைக்கு அடியில் வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் இருக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தள்ளப்படுகிறது, குரல் மாறுகிறது. பல்லில் ஆரம்பித்த சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கும் நிலை இது. கிளினிக் போதாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
- விழுந்த பிறகோ அடிபட்ட பிறகோ பற்கள் முன்போலப் பொருந்தவில்லை, கீழுதடு மரத்துப்போயிருக்கிறது. எலும்பு முறிந்திருக்கலாம்.
- கொட்டாவி விட்டதும் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மூட்டு நழுவியிருக்கிறது. வீட்டில் யாரும் பிடித்துத் தள்ள வேண்டாம்.
- ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, தலை வாரினால் தோல் நோகிறது, நாலு வாய் மென்றதும் தாடை சோர்ந்து வலிக்கிறது, கண் மங்குகிறது. ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். நம்மிடையே அரிதுதான். ஆனால் தாமதித்தால் பார்வை போய்விடும், போனது திரும்பாது.
- சமீபத்தில் காயம் பட்டவருக்குத் தாடை இறுகி வாய் திறக்கவில்லை. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று யாருக்கும் நினைவில்லை என்றால் இன்னும் வேகமாகப் போங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையா? சரி, கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடி முன்னால் வந்து நில்லுங்கள். டார்ச் இருந்தால் நல்லது, போன் வெளிச்சமும் போதும்.

கண்ணாடி முன்னால் பத்து நிமிடம்

வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டுங்கள். விரல் நுனி ஒரு பல்லில் போய் நின்றால் பல் என்று எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கையால் கன்னத்தைத் தடவி ‘இந்தப் பக்கம் முழுக்க’ என்று காட்டினால் தசையாக இருக்க வாய்ப்பு அதிகம், அல்லது வேறெங்கிருந்தோ வலி அங்கே வருகிறது. கீழ்ப்பல் சொத்தை மேல்ப்பல் வலியாகவோ காது வலியாகவோ தெரிவது சகஜம். ஆனால் பல் வலி பொதுவாக முகத்தின் நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் போகாது.

இப்போது பற்கள். எவர்சில்வர் ஸ்பூனின் காம்பால் ஒவ்வொரு கடைவாய்ப்பல்லையும் மேலிருந்து மெல்லத் தட்டுங்கள். ஒன்று மட்டும் ‘ஐயோ’ என்றால் அதன் வேர் நுனியில் தொற்று இருக்கலாம். குளிர்ந்த தண்ணீரைச் சில நொடி வாயில் வைத்துத் துப்புங்கள். உடனே கூசி உடனே அடங்கினால் பெரிய ஆபத்தில்லை. தண்ணீரைத் துப்பிய பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி நீடித்தால் பல்லின் உள்நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. படுத்தால் அதிகமாகும் வலியும் அந்த ரகம்தான். இன்னொன்றும் உண்டு. கடிக்கும்போது வலிக்காமல், கடித்துவிட்டு வாயைத் திறக்கும் அந்த நொடியில் சுருக்கென்று குத்தினால் பல்லில் விரிசல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாத விரிசல் இது. அதனால் மருத்துவரிடம் இந்த ‘திறக்கும்போது’ என்ற சொல்லை மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது மூட்டு. காதுத் துளைக்கு முன்னால் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கிறதே ஒரு குருத்து மொட்டு, அதற்கு ஒரு விரற்கடை முன்னால் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை வையுங்கள். வாயை மெதுவாகத் திறங்கள். விரலுக்கடியில் ஓர் உருண்டை முதலில் சுழன்று, பிறகு முன்னால் வழுக்கி நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. சத்தம் வருகிறதா, அழுத்தினால் வலிக்கிறதா, தாடை நேராகக் கீழே இறங்குகிறதா அல்லது ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்.

பிறகு மூன்று விரல் சோதனை. உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது, ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். இரண்டுதான் நுழைகிறது என்றால் குறித்துக்கொள்ளுங்கள். பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவருக்கு மாதக்கணக்கில் வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, காரம் பட்டால் எரிந்தால் அது மூட்டுக் கோளாறு இல்லை. கன்னத்தின் உள்தோல் நார்போல இறுகும் நோய் அது, புற்றுநோய்க்கு முந்தைய படி. அவர் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரைப் பார்க்கலாம். மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண் உள்ளவருக்கும் இதேதான்.

கடைசியாகத் தசை. பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கிற தசை ஒன்று, நெற்றிப்பொட்டில் புடைப்பது இன்னொன்று. கடிப்பதை விட்டுவிட்டு அந்த இரண்டு இடத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வலிக்கிற பக்கத்தில் மட்டும் ‘இதே வலிதான்’ என்று தோன்றினால் பாதி விடை கிடைத்துவிட்டது.

பல் என்று தெரிந்தால்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் வீட்டில் செய்ய அதிகமில்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள். கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டுச் சொத்தையில் வைத்தால் சற்று நேரம் மரத்திருக்கும். ஈறில் வழியவிட்டால் புண்ணாகும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது சதையை வெந்துபோகச் செய்யும். கன்னம் வீங்கியிருந்தால் ஒத்தடம் வெளியிலிருந்து சூடாகக் கொடுக்காதீர்கள், துணியில் சுற்றிய ஐஸ்தான் சரி.

மருந்துக்கடையில் ‘பல் வலி’ என்றதும் ஆன்டிபயாட்டிக் உட்படக் கலர் கலராக ஒரு பொட்டலம் மடித்துக் கொடுப்பார்கள். இரண்டு நாளில் வலி அடங்கும். பல் குணமாகியிருக்காது. உள்நரம்பு வீங்கியிருப்பதை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. சீழ் பிடித்திருந்தாலும் அதன் ஊற்று பல்லுக்குள்தான் இருக்கிறது. ரூட் கேனல் செய்து சுத்தப்படுத்த வேண்டும் அல்லது பல்லை எடுக்க வேண்டும். பல் வலி திடீரென்று தானாக நின்றுபோனால் சந்தோஷப்படவும் வேண்டாம். நரம்பு செத்துப்போனாலும் அப்படித்தான் நிற்கும், சீழ் அதற்குப் பிறகுதான் சேரும்.

17 முதல் 25 வயதுக்குள் இருப்பவருக்குக் கடைசிக் கடைவாயில் வலி, வாய் திறக்கச் சிரமம் என்றால் ஞானப்பல்லைப் பாருங்கள். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மூடிபோல் கிடக்கும். அதற்கடியில் சோறு, கீரை எல்லாம் போய் அழுகும். கொப்பளித்துச் சுத்தம் செய்தால் முதல் தடவை அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் எடுத்துவிடுவது நல்லது.

மூட்டும் தசையும் என்றால்

என் கதை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல் மருத்துவர்கள் டி.எம்.ஜே. என்று சொல்வது இந்த மூட்டைத்தான். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சின்ன வட்டு இருக்கிறது. அது இடம் நழுவி, வாயைத் திறக்கும்போது திரும்ப உட்கார்ந்தால் ‘டிக்’ என்று கேட்கும். திரும்ப உட்காரவே இல்லையென்றால் சத்தம் நின்றுவிடும், ஆனால் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காது. அதனால் ரொம்ப நாளாக இருந்த சத்தம் திடீரென்று காணாமல் போய் வாயும் பூட்டிக்கொண்டால் உடனே காட்டுங்கள்.

காது வலிபோலத் தெரிவது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். மூட்டு, காதுத் துளையின் முன்சுவரை ஒட்டியே இருக்கிறது, அதுதான் காரணம். 1934இலேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காது வலி, காது அடைப்பு, இரைச்சல் என்று வந்தவர்களில் சிலருக்குக் கோளாறு தாடை மூட்டில் இருப்பதாக எழுதினார். கடைவாய்ப்பற்கள் போனதால்தான் இப்படி என்று அவர் சொன்ன விளக்கம் பிற்பாடு நிற்கவில்லை. காதுக்கும் மூட்டுக்கும் உள்ள தொடர்பு நின்றது.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? ஒரே பக்கம் மெல்லுவது, தூங்கும்போது ஒரே பக்கம் முகத்தை அழுத்திக் குப்புறப் படுப்பது, கன்னத்தில் கை வைத்து மணிக்கணக்கில் திரையைப் பார்ப்பது, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வது, மறுபக்கத்துச் சொத்தையைத் தவிர்க்க இந்தப் பக்கமே கடிப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, பல்லைக் கடிப்பது. இரவில் நறநறவென்று கடிப்பதைப் பக்கத்தில் படுப்பவர் சொல்லுவார். பகலில் சத்தமில்லாமல் கடிப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். என்னை நானே கையும் களவுமாகப் பிடித்தது எக்செல் திரைக்கு முன்னால். ஒரு வரி பொருந்தவில்லை என்று தேடிக்கொண்டிருந்தபோது பற்கள் இரண்டு வரிசையும் பூட்டுப் போட்டதுபோல் இருந்தன.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள்.

முதல் படி, தாடைக்கு லீவு. இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், பொங்கல், வேகவைத்த முட்டை, மசித்த பருப்பு, வாழைப்பழம். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, பரோட்டா, நல்லி எலும்பு, சூயிங்கம் எல்லாம் அப்புறம். ஆப்பிளை முழுசாகக் கடிக்காமல் சின்னத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். முடிந்தவரை இரண்டு பக்கமும் மெல்லுங்கள். கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே முஷ்டியை முட்டுக் கொடுங்கள், வாய் அகலமாகத் திறக்காது.

இரண்டாவது படிதான் என்னைக் காப்பாற்றியது. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது, நாக்கு நுனி மேல்ப்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாகத் தங்கட்டும். ‘ன’ என்று சொல்லி அப்படியே நிறுத்தினால் நாக்கு சரியான இடத்தில் இருக்கும். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் தொட வேண்டிய அவசியமே இல்லை. இதை நாற்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டிவைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லை விலக்குவேன். முதல் நாள் பார்த்த ஒவ்வொரு தடவையும் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது, ஒத்தடம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை 15 முதல் 20 நிமிடம் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் வையுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. தோல் சுடாத அளவுக்குச் சூடு போதும். அடிபட்டுப் புதிதாக வந்த வலி என்றால் முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நான்காவது, பயிற்சி. ஒத்தடம் கொடுத்த உடனே செய்தால் தசை இளகியிருக்கும். நாக்கை அண்ணத்திலேயே வைத்துக்கொண்டு, நாக்கு விலகாத அளவுக்கு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஆறு முதல் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. கண்ணாடியில் பார்த்தபடி தாடை கோணாமல் நேராக இறங்கப் பழக்குங்கள். பிறகு கன்னத் தசையை விரல் நுனியால் வட்டமாக ஒரு நிமிடம் தேய்த்துவிடுங்கள். வலி சுருக்கென்று ஏறினால் நிறுத்துங்கள். தாடையை ‘சொடுக்கு’ எடுத்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

மாத்திரை ஐந்தாவதுதான். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்கள், மது அருந்துபவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலும் குறைவாக, மருத்துவரைக் கேட்டு. சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தாமாகப் போடக் கூடாது. காய்ச்சலும் இருந்து, ஊரில் டெங்கு நடமாட்டம் இருந்தால் யாருமே போட வேண்டாம்.

தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு ‘நைட் கார்டு’ என்று பல்லின் மேல் மாட்டும் ஓர் உறை செய்து கொடுப்பார்கள். பல் தேயாமல் காக்கும். வலியை அது மட்டுமே குணமாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயிற்சியும் பழக்க மாற்றமும்தான் முதலில் வர வேண்டும். வாங்கினால் மல்லாந்து படுக்கிற பழக்கத்தையும் சேர்த்தே ஆரம்பியுங்கள்.

மூட்டும் இல்லை, பல்லும் இல்லை என்றால்

சாப்பாட்டில் கை வைத்ததும், அல்லது ஊறுகாயைப் பார்த்ததும் தாடைக்கு அடியில் ஒரு பக்கம் நெல்லிக்காய்போல வீங்கி வலித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்தால், எச்சில் சுரப்பியின் குழாயில் கல் அடைத்திருக்கலாம். நிறையத் தண்ணீர் குடித்து, எலுமிச்சைத் துண்டைச் சப்பி, சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னால் நீவிவிட்டால் சின்னக் கல் தானாக வெளியே வந்துவிடும். வராவிட்டாலோ, நாக்கடியில் சீழ் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவர்.

குழந்தைக்குக் காய்ச்சலோடு காதடியில் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. ஒரு பக்கம் ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் மறுபக்கமும் வருவதுண்டு. தங்கச் சங்கிலி போட்டுவிடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை; ஓய்வு, நீர் ஆகாரம், பள்ளிக்கு லீவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடுமையான தலைவலி, வாந்தி, விரை வீக்கம் வந்தால் மருத்துவமனை.

சளிக்குப் பிறகு குனிந்தால் மேல்த்தாடை கனக்கிறது என்றால் சைனஸ்.

ஊரில் என் பெரியப்பா ஒருவர் சவரம் செய்வதையே நிறுத்திவிட்டார். பிளேடு கன்னத்தில் பட்டால் கரண்ட் அடித்தாற்போல் வலது தாடையில் பாய்கிறது என்பார். சில நொடிதான், பிறகு ஒன்றுமே இல்லை. குளிர்ந்த காற்று பட்டாலும் வரும், பல் துலக்கினாலும் வரும். அவருக்கும் இரண்டு பல் போன பிறகுதான் நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள். முகத்து உணர்வு நரம்பில் வருகிற வலி இது. பாரசிட்டமாலுக்கு மசியாது. கார்பமசெபின் என்ற வலிப்பு நோய் மருந்துக்குத்தான் அடங்கும். அதை மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும், தோலில் தடிப்பு வந்தால் உடனே அவரிடம் ஓட வேண்டும். பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வருவது. இளம் வயதில் வந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துக் காரணம் தேடுவார்கள்.

ஒரு பக்கம் எரிச்சலோடு வலித்து, இரண்டு மூன்று நாளில் அதே பக்கம் கொப்புளம் கிளம்பினால் அக்கி. செம்மண்ணால் அக்கி எழுதிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுங்கள். கண் பக்கம் பரவினால் கண் மருத்துவர் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

யாரிடம் போவது, என்ன சொல்வது

மேலே சொன்ன ஆபத்துகள் இல்லாத வரை முதலில் பல் மருத்துவர்தான் சரி. பல்லையும் மூட்டையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். செலவுக்குத் தயங்குபவர்கள் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் சீக்கிரம் போங்கள், வரிசை நீளம். மூட்டு, தசை வலிக்கென்று தனியாகப் படித்தவர்கள் கல்லூரி மருத்துவமனைகளில் கிடைப்பார்கள்.

ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து விஷயம் எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எத்தனை விரல் நுழைகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசி மருந்து எடுத்திருந்தால் பல் எடுப்பதற்கு முன்னால் கட்டாயம் சொல்லுங்கள். சில மருந்துகளுக்குப் பிறகு பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

முழுத் தாடை எக்ஸ்ரே, அதாவது ஓ.பி.ஜி., எடுக்கச் சொல்லலாம். அதில் பல்லும் எலும்பும் தெரியும். மூட்டு வட்டு தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், ஆனால் எல்லோருக்கும் முதல் நாளே அது தேவையில்லை. எக்ஸ்ரே ‘நார்மல்’ என்று வந்துவிட்டதால் உங்கள் வலி கற்பனை என்று ஆகிவிடாது.

பல்லை எடுப்பது, கடி சரியாகப் பொருந்த நல்ல பல்லை ராவுவது, மூட்டில் அறுவை செய்வது. இந்த மூன்றையும் திரும்பப் பெற முடியாது. இவற்றில் ஒன்றைச் சொன்னால், ‘எந்தச் சோதனையில் இந்தப் பல்தான் என்று தெரிந்தது?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் இன்னொருவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சீழோ வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் இந்த நிதானம் வேண்டாம்.

தசை, மூட்டு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால், வாய் திறப்பது குறைந்துகொண்டே போனால், உதடு மரத்தால், எடை இறங்கினால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

எனக்கு மூன்று வாரத்தில் காலைக் கனம் போனது. தட்டை கடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. ‘டிக்’ சத்தம் இன்னும் இருக்கிறது; பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் என் மகளுக்கே கேட்கும். டாக்டரம்மாவிடம் கேட்டேன். வலிக்காத சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம், மூன்று விரல் நுழைகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நுழைகிறது.